வளவுக்குள் ஆழக் கேமரா: பின்னணியைப் பிரிக்க எதை வாங்கலாம், எதை விடலாம்

செட்டிநாட்டு வீட்டுக்குள் வீடியோ எடுப்பவர்களுக்குப் பின்னணியைப் பிரிக்கும் வேலை பல விதமாக வரும். அடுப்படியில் கந்தரப்பம் சுடுகிறவரை மட்டும் தனியே எடுத்து வேறு பின்னணியில் வைக்கக் கேட்பார்கள். பட்டாலையில் உட்கார்ந்து வீட்டு வரலாறு சொல்கிறவருக்கும் அவருக்குப் பின்னால் நிற்கும் தேக்குத் தூணுக்கும் நடுவே எழுத்து ஓட வேண்டும் என்பார்கள். கண்டாங்கிச் சேலை விற்கிறவருக்கு, நேரலையில் சேலையை விரிக்கும்போது பின்னால் கிடக்கும் அட்டைப்பெட்டிகள் தெரியக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஒரே பதிலாக, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் "டெப்த் கேமரா ஒன்று வாங்கிவிடலாமே" என்ற யோசனை வருகிறது. வாங்கலாம். ஆனால் காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் அந்தக் கேமராவைத் திணறடிக்கும் பொருள்கள் எல்லாமே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன: திறந்த முற்றத்து வெயில், கண்ணாடி போல மினுங்கும் சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல், வரிசைத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டா. ஆகவே எதை எடுப்பது என்பதை விலையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. வெளிச்சமும் தளமும்தான் தீர்மானிக்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எடுத்து, பிறகு எடிட் செய்து வெளியிடும் வீடியோ என்றால் சென்சார் (டெப்த் கேமரா) வேண்டாம். நல்ல கேமராவில் சுத்தமாக எடுத்து, ஆழத்தை மென்பொருளில் கணக்கிடுவதே மேல். கேமரா அசையாமல் நிற்க, உடனுக்குடன் பிரிக்க வேண்டும், அல்லது உண்மையான மீட்டர் கணக்கு வேண்டும் என்றால் மட்டும் சென்சார் வாங்கலாம். அப்போதும் எந்த வகை என்பது முற்றத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆழம் எதைத் தரும், எதைத் தராது

ஆழப்படம் என்பது படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்சலுக்கும்) "கேமராவிலிருந்து இத்தனை தூரம்" என்று ஓர் எண். ஆள் 2 மீட்டரில், சுவர் 5 மீட்டரில் என்றால் 3 மீட்டரில் ஒரு கோடு போட்டு, அதற்கு முன்னால் இருப்பதை வைத்துக்கொண்டு பின்னால் இருப்பதை நீக்கலாம். சேலையும் சுவரும் ஒரே மஞ்சளாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. இதுதான் இதன் முழுப் பலம்.

பலவீனம் விளிம்பில் இருக்கிறது. ஆழப்படத்தின் நுணுக்கம் வண்ணப்படத்தைவிடக் குறைவு. முடிக்கற்றை, மல்லிகைச் சரம், சேலையின் சன்னமான முந்தானை இவற்றில் ஒரே புள்ளிக்குள் முன்னும் பின்னும் கலந்திருக்கும். அங்கே "தூரம்" என்று ஒரே எண்ணைச் சொல்வதே பொருந்தாது. எனவே ஆழத்தை மட்டும் வைத்து வெட்டிய படம் எப்போதும் கத்தரிக்கோலால் நறுக்கியது போலத்தான் இருக்கும். ஆழத்தை வைத்துக் கடைசி விளிம்பைத் தேடக் கூடாது; எங்கே விளிம்பைத் தேட வேண்டும் என்று காட்டத்தான் அது. இதை எப்படிச் செய்வது என்பது கீழே வருகிறது.

இன்னொரு சங்கடம் கால். நிற்கிறவரின் பாதமும் அதன் கீழ் இருக்கும் தரையும் ஒரே தூரத்தில் இருப்பதால், தூரக்கோடு போட்டால் ஆளோடு ஒரு துண்டுத் தரையும் சேர்ந்து வரும். மார்புக்கு மேல் எடுக்கும் வீடியோவில் இது தெரியாது. பாய் விரித்து உட்கார்ந்து பேசும் காட்சியில் இதுதான் முதல் தலைவலி.

பச்சைத் திரை போதாதா?

பல நேரம் போதும். பேசுகிறவர் ஒருவர், ஓர் அறை, திரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி ஆள், திரைக்குத் தனி விளக்கு என்று அமைக்க முடிந்தால் அதன் விளிம்பை எந்த ஆழக் கேமராவும் எட்டாது. முடிக்கற்றை அப்படியே வரும்.

சமையல் வீடியோவில்தான் அது சறுக்குகிறது. வாழை இலை, கருவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் பச்சை. திரையோடு சேர்ந்து அவையும் மறையும். நீலத்துக்கு மாறினால் இலை பிழைக்கும், ஆனால் எவர்சில்வர் தட்டும் பித்தளைச் சொம்பும் நீலத்தைப் பிரதிபலித்து ஓட்டையாகும். பாத்திரத்தின் பக்கவாட்டில், படத்தில் விழாதபடி வெள்ளை அட்டை வைத்து அந்தப் பிரதிபலிப்பை மறைக்கலாம். பத்துப் பாத்திரம் இருந்தால் அது ஒரு நாள் வேலை. இதைவிட, செட்டிநாட்டு வீட்டைத் தேடி வந்து எடுப்பதே அந்தத் தூணும் தரையும் படத்தில் தெரியத்தான். திரை கட்டி அதை மறைத்துவிட்டு, பிறகு புகைப்படமாக ஒட்டுவதில் அர்த்தம் இல்லை. வீடு படத்தில் இருக்க வேண்டும், ஆனால் ஆள் தனி அடுக்காக வேண்டும் என்னும்போதுதான் ஆழத்துக்கு வேலை வருகிறது.

டைம் ஆஃப் ஃப்ளைட்: நிழலில் ராஜா

இந்த வகைக் கேமரா அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்ப எடுக்கும் நேரத்தை (உண்மையில் அலையின் கட்ட மாற்றத்தை) வைத்துத் தூரம் கணக்கிடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் அஸ்யூர் கினெக்ட் இதில் பெயர் பெற்றது. 2023ல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதே ஆழ நுட்பத்தோடு ஆர்பெக் நிறுவனத்தின் ஃபெம்டோ போல்ட் இப்போது கிடைக்கிறது. வழக்கமாகப் பயன்படும் குறுகிய கோண அமைப்பில் 640க்கு 576 புள்ளி, நொடிக்கு 30 ஃப்ரேம், சுமார் அரை மீட்டரிலிருந்து 3.86 மீட்டர் வரை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அஸ்யூர் கினெக்டின் வண்ணக் கேமரா 90 டிகிரி அகலம் பார்க்கும், இந்த அமைப்பில் ஆழக் கேமரா 75 டிகிரிதான் பார்க்கும். படத்தின் இரு ஓரங்களிலும் ஆழமே இருக்காது. ஆள் நடுவில் நிற்க வேண்டும். கையை அகல விரித்தால் விரல்கள் போய்விடும்.

சன்னல் சாத்திய பட்டாலையில், வெற்றுச் சுவருக்கு முன்னால், இரண்டரை மீட்டரில் ஒருவரை உட்கார வைத்தால் இதைவிடச் சீரான ஆழம் வேறு எதிலும் கிடைக்காது. சுவரில் கோலம், கீறல் எதுவும் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஒளி திரும்பி வந்தால் போதும்.

வராமல் போகும் இடங்கள்தான் இங்கே அதிகம். முதலாவது வெயில். நடுப்பகலில் முற்றத்தில் நேராக விழும் வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு, கேமரா அனுப்பும் ஒளியை மூழ்கடித்துவிடும். அந்தப் பகுதியில் தூரம் பூஜ்யம், அதாவது "தெரியவில்லை" என்று வரும். இதையே சாதகமாகத் திருப்பவும் முடியும்: ஆள் தாழ்வார நிழலில், கேமராவும் நிழலில், பின்னால் வெயில் விழுந்த முற்றம் என்று அமைத்து, "தெரியவில்லை" என்று வரும் எல்லாப் புள்ளியையும் பின்னணி என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஆபத்து தலைமுடி. கறுப்பு முடி அகச்சிவப்பை விழுங்கும், அதுவும் "தெரியவில்லை" என்றே வரும். பின்னணியும் பூஜ்யம், முடியும் பூஜ்யம் என்றால் ஆள் நெற்றியோடு முடிந்துவிடுவார். தலைப் பகுதிக்கு மட்டும் வண்ணப்படத்திலிருந்து ஒரு மாஸ்க் (எதை வைப்பது, எதை நீக்குவது என்று காட்டும் அச்சு) எடுத்துச் சேர்ப்பதே வழி.

இரண்டாவது மினுக்கம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவரும், கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால் பளபளக்கும் ஆத்தங்குடிக் கல்லும் ஒளியை ஓரளவு கண்ணாடி போலவே திருப்புகின்றன. கேமராவிலிருந்து தரையில் பட்ட ஒளி அங்கிருந்து சுவருக்குப் போய்த் திரும்பினால், பயணம் நீளமாகி, தரை தன் உண்மை இடத்துக்குக் கீழே இருப்பதாக எண் வரும். சுவரும் தரையும் சேரும் மூலைகளிலும் இதே கதை. செங்கோணம் வெளியே உப்பி வளைந்தது போலத் தெரியும். எடுக்கும் பகுதியில் தரைக்குச் சமுக்காளம் விரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். பித்தளை அண்டாவுக்கு இப்படி எளிய மருந்து இல்லை. நேராகத் திரும்பும் இடத்தில் ஒளி அளவு மீறி ஓட்டையாகும். சாய்ந்த இடத்தில் ஒளி வேறெங்கோ போய் மறுபடி ஓட்டையாகும்.

மூன்றாவது, பறக்கும் புள்ளிகள். தோளின் விளிம்பில் ஒரு புள்ளி பாதி தோளையும் பாதி சுவரையும் பார்க்கும். விடை 2 மீட்டரும் இல்லை, 5 மீட்டரும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. ஆளின் ஓரத்தில் நடுங்கும் தூசு போல இது தெரியும். பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டு, 5 செ.மீ.க்கு மேல் தனித்து நிற்கும் புள்ளியை நீக்கிவிடுங்கள். விளிம்பில் ஒன்றிரண்டு புள்ளி அகலம் இழப்பீர்கள். அதை வண்ணப்படம் மீட்டுத் தரும்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். அஸ்யூர் கினெக்டுக்கு மைக்ரோசாஃப்ட் குறித்த சூழல் வெப்பம் 10 முதல் 25 டிகிரி செல்சியஸ். சித்திரையில் காரைக்குடி அடுப்படியில் இது எந்த நேரத்தில் சாத்தியம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குளிரூட்டிய அறைக்குத்தான் அது உரியது.

இரண்டு கேமரா வைத்தால் ஒன்றின் ஒளி மற்றதைக் குழப்பும். அஸ்யூர் கினெக்டில் ஒத்திசைவுக் கம்பியால் இணைத்து, ஒன்றுக்கும் மற்றதுக்கும் 160 மைக்ரோ நொடியாவது இடைவெளி விட்டால் குழப்பம் நீங்கும்.

இரட்டைக் கேமரா: வெயிலில் தாங்கும், தூணில் தடுமாறும்

இரண்டு லென்ஸ், நடுவே ஓர் இடைவெளி. ஒரே பொருள் இரு படத்திலும் எவ்வளவு நகர்ந்து விழுகிறது என்பதிலிருந்து தூரம் கணக்காகிறது. ரியல்சென்ஸ் டி435ல் லென்ஸ் இடைவெளி 50 மி.மீ., டி455ல் 95 மி.மீ., ஓக்-டியில் 75 மி.மீ., செட் 2ல் (ZED 2) 120 மி.மீ. ரியல்சென்ஸ் கூடுதலாக அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி வெற்றுச் சுவருக்கு அடையாளம் கொடுக்கும். செட் கேமராவின் மென்பொருளுக்கு என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம். வாங்கும் முன் கணினியைப் பாருங்கள்.

இந்த இடைவெளி எண்தான் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் எண். காரணம், பிழை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏறுகிறது. கணக்கு எளிது: தூரத்தின் வர்க்கத்தைப் பொருத்தப் பிழையால் (இரு படத்திலும் ஒரே பொருளைச் சேர்ப்பதில் வரும் பிசகால்) பெருக்கி, லென்ஸ் குவியத்தையும் இடைவெளியையும் பெருக்கியதால் வகுக்க வேண்டும். டி455ல் 1280 புள்ளி அகலத்தில் குவியம் சுமார் 674 புள்ளி. பொருத்தம் பத்தில் ஒரு புள்ளி பிசகினால் 2 மீட்டரில் பிழை 6 மி.மீ., 4 மீட்டரில் 25 மி.மீ., 8 மீட்டரில் 10 செ.மீ. டி435ல் இது ஏறத்தாழ இரட்டிப்பு. நிஜத்தில் பிசகு பத்தில் ஒன்றைவிடக் கூடவே இருக்கும். எனவே ஆளுக்கும் அவருக்குப் பின்னால் இருக்கும் தூணுக்கும் இடையே இந்தப் பிழையைப் போல ஐந்து மடங்காவது இடைவெளி விடுங்கள். தூணில் சாய்ந்து நின்று பேசுகிறவரை நாலு மீட்டரிலிருந்து ஆழத்தால் பிரிப்பது வீண் முயற்சி. இரண்டடி முன்னால் வரச் சொன்னால் வேலை முடிந்தது.

இடைவெளி கூடினால் துல்லியம் கூடும், கூடவே நிழலும் கூடும். ஆளின் ஒரு பக்க ஓரத்தில் ஒரு லென்ஸுக்குத் தெரிவது மற்றதுக்குத் தெரியாது; அங்கே ஆழம் இல்லாத பட்டை ஒன்று விழும். ஆள் 2 மீட்டரிலும் பின்சுவர் 5 மீட்டரிலும் இருந்தால் டி455ல் அந்தப் பட்டை சுமார் 19 புள்ளி, டி435ல் 10 புள்ளி. எப்போதும் ஒரே பக்கத்தில்தான் விழும். பின்னணி என்றே நிரப்பிவிடலாம்.

வெயிலில் இந்த வகை நன்றாகத் தாக்குப்பிடிக்கும். தூவிய புள்ளிகள் வெயிலில் மறைந்தாலும், கேமரா சாதாரண இரட்டைக் கண்ணாக வேலை செய்யும். வெயிலில் தரையின் சொரசொரப்பும் நிழலும் தெளிவாகத் தெரிவதால் பொருத்தம் சில சமயம் இன்னும் நன்றாகவே வரும். முற்றத்துக்குள்ளேயே ஆளை நிறுத்தி எடுக்க வேண்டும் என்றால் சென்சார்களில் இது ஒன்றுதான் கதி.

ஆனால் வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியின், அழகே இதற்குப் பகை. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும் தூண்கள். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் ஆத்தங்குடிக் கல். இடமிருந்து எண்ணும்போது இடது படத்தில் மூன்றாவது தூணாக இருப்பதை வலது படத்தில் இரண்டாவது தூணோடு பொருத்திவிட்டால், அது கேமராவுக்கு மிக அருகில் இருப்பதாக எண் வரும். விளைவு, பின்னணியில் ஒரு தூண் மட்டும் சில ஃப்ரேம்களில் ஆளோடு சேர்ந்து முன்னுக்குத் தாவி மறையும். கேமராவைத் தூண் வரிசைக்கு நேர் எதிரே வைக்காமல் முப்பது டிகிரி சாய்வாக வைத்தால், ஒவ்வொரு தூணும் வேறு அளவில் விழுவதால் குழப்பம் குறையும். குறைந்தபட்சத் தூரத்தை அமைப்பில் ஒரு மீட்டர் என்று கட்டிவிட்டால் மிக அருகில் வரும் பொய்ப்புள்ளிகளும் போய்விடும். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பச் சொல்கிறவர்கள் உண்டு. தூணின் நெட்டுக்கோடுகள் அப்போது லென்ஸ் இடைவெளிக்கு இணையாகிவிடும், பொருத்தத்துக்குப் பயன்படாது. வேண்டாம்.

ரியல்சென்ஸில் "ஹை அக்யூரசி", "ஹை டென்சிட்டி" என்று இரண்டு ஆயத்த அமைப்புகள் உண்டு. முதலாவது ஐயமான புள்ளியை விட்டுவிடும், ஓட்டை கூடும். இரண்டாவது ஓட்டையைக் குறைக்கும், பொய்ப்புள்ளியைக் கூட்டும். பின்னணி பிரிக்க முதலாவதே சரி. ஓட்டை இருப்பது தெரிந்தால் நிரப்பிக்கொள்ளலாம், பொய்யைக் கண்டுபிடிப்பது கடினம். அடுத்தடுத்த ஃப்ரேம்களைக் கலந்து நடுக்கத்தைக் குறைக்கும் நேர வடிகட்டியை மிதமாக வையுங்கள். கூட்டினால் நடுக்கம் அடங்கும், ஆனால் பணியாரத்தைத் திருப்பும் கைக்குப் பின்னால் ஒரு வால் இழுத்துக்கொண்டு வரும்.

போனில் இருக்கும் லைடார்

ஐபோன் 12 ப்ரோ வந்த 2020லிருந்து ப்ரோ வகைப் போன்களில் லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சார்) இருக்கிறது. எட்டும் தூரம் சுமார் 5 மீட்டர். மென்பொருளுக்குக் கிடைக்கும் ஆழப்படம் 256க்கு 192 புள்ளி. 1920 அகலப் படத்தில் ஓர் ஆழப்புள்ளி ஏழரை வண்ணப்புள்ளியை மூடும். தலை, தோள் என்ற அளவில் சரி; விரல் என்றால் கலங்கிவிடும். அறையை அளக்க, எந்தத் தூண் எத்தனை தூரம் என்று குறிக்க இது அருமையான கருவி. பிரித்தெடுக்க அவ்வளவு இல்லை.

ஐபோன் 13 முதல் இருக்கும் சினிமாட்டிக் முறை வேறு. அது வீடியோவோடு ஆழத்தையும் சேர்த்துப் பதிகிறது, பிறகு ஃபோகஸை மாற்றலாம். 13ல் 1080, நொடிக்கு 30 ஃப்ரேம், 14லிருந்து 4கே. பின்னணியை மங்கலாக்க மட்டும்தான் தேவை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், வேறு எதுவும் வாங்க வேண்டாம். மங்கலில் விளிம்புப் பிழை பெரிதாகத் தெரியாது. வெட்டி வேறு படத்தில் ஒட்டும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஒரே கேமரா, மென்பொருள் ஆழம்

பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். சாதாரண வீடியோவைப் பார்த்தே தூரத்தை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு மாடல்கள் இப்போது நன்றாக வந்துவிட்டன. 2024ல் வந்த டெப்த் எனிதிங் வி2 பரவலாகப் பயன்படுகிறது. வீடியோவுக்கென்றே நிலைத்தன்மையோடு செய்த வீடியோ டெப்த் எனிதிங் 2025ல் வந்தது. நிரல் எழுதப் பிடிக்காதவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் 18லிருந்து ஸ்டூடியோ பதிப்பில் டெப்த் மேப் எஃபெக்ட் இருக்கிறது. இலவசப் பதிப்பில் இல்லை. ஸ்டூடியோ ஒருமுறை விலை 295 டாலர். காரைக்குடி ஸ்டூடியோக்களில் ரிசால்வ் ஏற்கெனவே ஓடுகிற கணினி இருந்தால், புதிய சென்சாருக்குப் பணம் போடுவதைவிட இந்த உரிமத்துக்குப் போடுவது புத்திசாலித்தனம்.

உரிமத்தில் இன்னொரு விஷயம். டெப்த் எனிதிங் வி2வில் சிறிய மாடல் மட்டுமே அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. பெரிய மாடல்கள் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உள்ள உரிமத்தில் இருக்கின்றன. கல்யாண வீடியோவும் விளம்பரப் பணம் வரும் சமையல் சேனலும் வணிகம்தான். சிறியதையே எடுங்கள், மார்பளவுக் காட்சிக்கு அது போதும்.

இதன் அனுகூலம், வெயில், வெப்பம், அகச்சிவப்பு எதுவும் பாதிக்காது என்பதுதான். பிரதிகூலங்கள் வேறு மாதிரி.

வழக்கமாக வரும் எண் மீட்டர் கிடையாது, வெறும் வரிசை: இது முன்னால், அது பின்னால். அதுவும் அருகில் நுணுக்கமாக, தூரத்தில் நெருக்கமாக இருக்கும். 2 மீட்டரில் இருப்பவரை 4 மீட்டர் தூணிலிருந்து எளிதில் பிரிக்கும். 8 மீட்டரையும் 10 மீட்டரையும் பிரிக்கச் சிரமப்படும். இரண்டாம் கட்டு வரை ஆழமாகப் போகும் நேர்வாசல் காட்சியில், தூர வாசல்களுக்கு நடுவே எழுத்தை நுழைக்க இதை நம்பக் கூடாது.

சிமிட்டல் அடுத்தது. ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியே கணக்கிட்டு, தனித்தனியே 0 முதல் 255க்கு விரித்தால், ஆள் கையை முன்னே நீட்டும் ஒவ்வொரு முறையும் மொத்தப் படத்தின் எண்களும் மாறும். போட்ட கோடு இடம் பெயரும், பின்சுவர் மின்னும். ஒரு ஷாட் முழுவதற்கும் ஒரே குறைந்த, கூடிய எண்ணைக் கண்டுபிடித்து அதை வைத்தே விரியுங்கள். 8 பிட்டில் சேமிக்காமல் 16 பிட் பிஎன்ஜி வரிசையாகவோ ஓப்பன்இஎக்ஸ்ஆராகவோ சேமியுங்கள். இந்த விதி சென்சாருக்கும் பொருந்தும்: 10 மீட்டரை 256 படியாகப் பிரித்தால் ஒரு படி 4 செ.மீ.; அதற்குமேல் எச்.264 சுருக்கம் விளிம்பை இழுத்துப் பூசிவிடும். சுருக்காத ஆழம் இடத்தை விழுங்கும் என்பது உண்மை. 848க்கு 480, 16 பிட், 30 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை ஜிபி. அதற்கேற்ற எஸ்எஸ்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியும் படமும் மாடலை ஏமாற்றும். பெல்ஜியம் கண்ணாடியைச் சுவராகக் கருதாமல் இன்னோர் அறையாக எடுத்துக்கொள்ளும். நிலைக்கதவுக்கு மேலே சாய்த்து மாட்டியிருக்கும் முன்னோர் படங்களில் முகத்துக்கும் பின்னணிக்கும் ஆழம் கற்பிக்கும். ஆளைத் தேடும் மாஸ்க் மென்பொருளைக் கூடச் சேர்த்துக்கொண்டால் கூத்து இன்னும் கூடும்: பேசுகிறவரோடு அவருடைய ஐயாவும் அப்பத்தாவும் சட்டத்திலிருந்து இறங்கி முன் அடுக்குக்கு வந்துவிடுவார்கள். ஆள் நடமாடும் பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, வெளியே உள்ளதை முழுதாக நீக்குவதுதான் சுலபமான பரிகாரம்.

எந்த வழியானாலும் கடைசிக் கட்டம் ஒன்றே

ஆழத்திலிருந்து நேராக மாஸ்க் எடுக்காமல் மூன்று பகுதியாகப் பிரியுங்கள்: நிச்சயம் ஆள், நிச்சயம் பின்னணி, நடுவே ஐயப்பட்டை. இதை ட்ரைமேப் என்பார்கள். ஆழ மாஸ்கை உள்நோக்கிக் குறுக்கினால் முதல் பகுதி, வெளிநோக்கி விரித்து வெளியே இருப்பது இரண்டாவது. எவ்வளவு குறுக்குவது என்பது நுணுக்கத்தைப் பொறுத்தது. 1080 படத்தில், டைம் ஆஃப் ஃப்ளைட் என்றால் பட்டை மொத்தம் 10, 12 புள்ளி. போன் லைடார் என்றால் 20க்கு மேல். டெப்த் எனிதிங் வழக்கமாகக் குறுகிய பக்கத்தை 518 புள்ளியாகச் சுருக்கித்தான் பார்க்கும். 1080க்கு விரியும்போது ஒரு புள்ளி இரண்டாகும், ஆகவே 8, 10 போதும். தலையைச் சுற்றி மட்டும் எந்த முறையிலும் 30, 40 புள்ளி விடுங்கள்.

ஐயப்பட்டைக்குள் வண்ணப்படத்தைப் பார்த்து ஆல்பா (ஒவ்வொரு புள்ளியிலும் ஆள் எத்தனை பங்கு என்ற அளவு) கணக்கிட வேண்டும். எளியது, வண்ணப்படத்தை வழிகாட்டியாக வைத்த கைடட் ஃபில்டர். ஓப்பன்சிவி என்ற பட நிரல் நூலகத்தின் கூடுதல் தொகுப்பில் இருக்கிறது. தோளுக்கும் சேலைக்கும் அது போதும். முடிக்கு, நுண் விளிம்பைப் பிரிக்கவென்றே செய்த மேட்டிங் மாடல் வேண்டும். பிறகு விளிம்பு நிறத்தைச் சுத்தம் செய்ய மறந்துவிடாதீர்கள்: மஞ்சள் சுவருக்கு முன் எடுத்தவரின் முடி ஓரத்தில் மஞ்சள் ஒட்டியிருக்கும், இருண்ட பின்னணியில் வைத்தால் ஒளிவட்டம் போல நிற்கும்.

சென்சாரோடு தனி டிஎஸ்எல்ஆரைச் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டையும் ஒரே தட்டில் இறுக்கி, சதுரங்கப் பலகை வைத்து அளவீடு செய்ய வேண்டும்; அதற்குப் பிறகு ஜூமைத் தொட்டால் அளவீடு போச்சு. நேர ஒத்திசைவு இல்லாவிட்டால் பாதி ஃப்ரேம் வரை பிந்தும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் கை, 25 ஃப்ரேமில் பாதி ஃப்ரேமுக்குள் 2 செ.மீ. நகர்ந்துவிடும், 2 மீட்டர் தூரத்தில், சுமார் 70 டிகிரி அகலம் பார்க்கும் லென்ஸில், 1920 அகலப் படத்தில் அது சுமார் 14 வண்ணப்புள்ளி. ஐயப்பட்டையையே தாண்டிவிடுகிறது. சென்சாரிலேயே இருக்கும் வண்ணக் கேமராவின் படம் கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் இந்தத் தொல்லை இல்லை.

காலும் தரையும் பிரிய, சென்சார் மீட்டரில் எண் தருவதால் ஒரு வசதி உண்டு. தரைத் தளத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேலே 2, 3 செ.மீ.க்குள் வரும் எல்லாவற்றையும் நீக்கலாம். கேமரா அசையாவிட்டால் இன்னும் எளிது: ஆள் வரும் முன் வெற்று அறையை நூறு ஃப்ரேம் எடுத்து, புள்ளிக்குப் புள்ளி நடுமதிப்பும் சிதறலும் கணக்கிட்டு, அதைவிட 3 செ.மீ.யோ சிதறலின் மூன்று மடங்கோ, எது பெரியதோ அந்த அளவு முன்னால் வந்ததை மட்டும் ஆள் என்று கொள்ளலாம். தரையின் மினுக்கத்தால் எண் தப்பாக இருந்தாலும், தப்பும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் இந்த முறை தாங்கும். ஆள் வந்ததும் பிரதிபலிப்பு சற்று மாறும். பாதத்தைச் சுற்றிச் சில புள்ளி அழுக்கு மிஞ்சும், அவ்வளவுதான்.

இலை போட்டுப் பரிமாறும் காட்சிக்கு இதுவும் கைகொடுக்காது. வாழை இலைக்கு உயரமே இல்லை. ஆழத்தைப் பொறுத்தவரை அது தரை. பச்சைத் திரையும் அதைத் தின்னும், ஆழமும் அதைத் தின்னும். இந்த ஒரு காட்சிக்கு மெட்டா 2024ல் வெளியிட்ட சாம் 2 போன்ற, சுட்டிக்காட்டினால் பின்தொடரும் கருவிதான் பதில். இலையில் ஒரு சொடுக்கு, உட்கார்ந்தவர் மேல் ஒரு சொடுக்கு; பிறகு இரண்டு மாஸ்கையும் ஆழ மாஸ்கோடு சேர்த்துவிடலாம்.

யாருக்கு எது

சமையல் சேனல்: நல்ல கேமரா, மென்பொருள் ஆழம், இலைக்கும் பாத்திரத்துக்கும் சாம் 2. அடுப்படி ஆவியும் வெக்கையும் இருக்கும் இடத்துக்குச் சென்சாரைக் கொண்டுபோக வேண்டாம்.

சேலை நேரலை: கடைக்குள், வெயில் படாத மூலை, அசையாத கேமரா. இங்கேதான் சென்சார் தன் விலைக்கு ஈடு செய்யும். டைம் ஆஃப் ஃப்ளைட் ஒன்று, ஆளுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் காலி இடம், குளிரூட்டி. ஆளை மட்டும் தேடும் சாதாரண வெப்கேம் மென்பொருள் விரித்துப் பிடித்த சேலையைப் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும்; ஆழத்துக்குச் சேலையும் முன்னால் இருக்கும் ஒரு பொருள்தான். மெல்லிய முந்தானை அசைவில் கொஞ்சம் கிழிந்தது போலத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாவிட்டால் பச்சை இல்லாத சேலைகளுக்குப் பச்சைத் திரை கட்டிவிடுங்கள்.

வீட்டு வரலாறு, கட்டடக்கலை பற்றிய படம்: தூணுக்குப் பின்னால் எழுத்து, ஆளுக்கும் தூணுக்கும் நடுவே வரைபடம் என்று வேண்டுமானால், அருகில் உள்ளவற்றுக்கு மென்பொருள் ஆழம், தூரத் தூண்களுக்குக் கையால் வரைந்த மாஸ்க். தூண் அசையாது, ஒரு தடவை வரைந்தால் ஷாட் முழுக்க நிற்கும். முற்றத்து வெயிலில் நடந்துகொண்டே பேசும் காட்சியை உடனுக்குடன் பிரித்துக் காட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர் பிடிவாதம் பிடித்தால் டி455 அல்லது செட் 2, சாய்வுக் கோணத்தில்.

கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் எதையும் வாங்க வேண்டாம். கூட்டத்தில் யார் முன், யார் பின் என்பதே நொடிக்கு நொடி மாறும். ரிசால்வ் ஸ்டூடியோவின் டெப்த் மேப்பை மங்கலாக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

சென்சாரை வாங்குவதற்கு முன் வாடகைக்கோ இரவலாகவோ எடுத்து, எடுக்கப்போகும் அதே வீட்டில், அதே நேரத்து வெயிலில் ஐந்து நிமிடம் பதிந்து பாருங்கள். எல்ஈடி விளக்குகளை எரியவிட்டு, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வையுங்கள். வெற்று அறை பத்து நொடி; ஒருவர் வந்து நிற்பது; தூணுக்குப் பின்னால் போய்வருவது; தரையில் உட்காருவது; முடியை விரித்துத் தலையை இருபுறமும் திருப்புவது; ஒரு பித்தளைச் சொம்பைக் கையில் பிடிப்பது. அளவு நாடாவால் ஆளுக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொண்டு, கேமரா சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். 2 மீட்டரில் 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் தரையில் சமுக்காளம் விரித்து மறுபடி அளங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் அந்த அறைக்கு அந்தச் சென்சார் ஆகாது.